இன்ஜினீயரிங், நர்சிங், பி.காம். தவிர வேறென்ன? கிராமத்துப் பள்ளியில் மற்ற வழிகளை அறிமுகப்படுத்தும் முறை

தமிழ்நாட்டுக் கிராமத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ப்ளஸ் டூ மாணவர்களிடம் அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் நான்கைந்து பதில்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஆசை குறைவு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் கண்ணால் கண்ட வேலைகள் அவ்வளவுதான். மதிப்பெண் போதாமல் நழுவும் வாய்ப்புகளைவிட, விண்ணப்பத் தேதி தெரியாமல் நழுவுபவை அதிகம். ஆகவே இந்த வேலையைச் செய்ய விரும்பும் ஆசிரியரோ, முன்னாள் மாணவரோ, தன்னார்வலரோ முதலில் கையில் எடுக்க வேண்டியது நாட்காட்டி. ஊக்கப் பேச்சு அதற்குப் பிறகு.

தேதிகளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

ப்ளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில். முடிவு மே மாதத்தில். பள்ளியின் கவனம் முழுக்கப் பொதுத்தேர்வில் இருக்கும் அந்த மாதங்களில்தான் மத்திய அரசு நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு விண்ணப்பங்கள் திறந்து மூடுகின்றன. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே நடந்துவிடும்; விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பு. ஐஐடிகளில் வடிவமைப்பு படிக்க எழுதும் யூசீட் விண்ணப்பம் அக்டோபர் வாக்கில் திறக்கும், தேர்வு ஜனவரியில். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் முதல் கட்டத்துக்கு விண்ணப்பம் அக்டோபர், நவம்பர். தரமணியில் உள்ள நிஃப்ட் போன்ற ஆடை வடிவமைப்பு நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் ஆண்டு இறுதி. ஹோட்டல் மேலாண்மைக்கான என்சிஎச்எம் தேர்வு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் ஆகியவற்றின் விண்ணப்பங்கள் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வரும். அடிப்படை அறிவியல் கற்பிக்கும் மத்திய நிறுவனங்களான ஐசர், சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம், இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் ஆகியவை மார்ச் முதல் மே வரை.

நாள்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாதம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் ஜூன் மாதமே ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதக் கட்டம் போட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். தேர்வு நாளைச் சிறிதாகவும் விண்ணப்பத்தின் கடைசி நாளைப் பெரிதாகவும் எழுதுங்கள். சரியான தேதி அறிவிப்பானதும் மாணவர்களில் ஒருவரே போய்த் திருத்தட்டும். அந்தப் பொறுப்பை மாதம் ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தால் பெயர்கள் தானாகவே மனதில் பதியும்.

மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டும் தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது. அதன் கீழ் நடக்கும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும், எங்கும் சேராதவர்களைத் தேடிப் பிடிக்கும் உயர்வுக்குப் படி முகாம்களும் நல்ல பலன் தருபவை. ஆனால் அவை பெரும்பாலும் பொதுத்தேர்வுக்குப் பின் நடப்பவை. மாநில அளவிலான கலந்தாய்வுகளுக்கு அந்த நேரம் போதும். மேலே சொன்ன பட்டியலுக்குப் போதாது.

உண்மையான முடிவு பத்தாம் வகுப்பில்தான்

ப்ளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுக்கிறார்கள் என்பதிலேயே பாதி வழிகள் அடைபட்டுவிடும். இதைச் சொல்லாமல் ப்ளஸ் டூவில் வந்து நூறு படிப்புகளின் பட்டியலை நீட்டுவது கொடுமை. ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் ஒருமுறை, பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கு முன் ஒருமுறை என இரண்டு முறையாவது இதைப் பேச வேண்டும்.

கணிதம் இல்லாத குரூப் எடுத்தால் பொறியியலும் கப்பல் பொறியியலும் போய்விடும். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகிய நான்கில் மூன்று பாடங்களையாவது படித்திருந்தால் ஐசர் நுழைவுத் தேர்வு எழுதலாம். எந்தக் குரூப்பாக இருந்தாலும் திறந்திருப்பவை: ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, நிஃப்ட்டின் வடிவமைப்புப் பட்டம், ஹோட்டல் மேலாண்மை, நுண்கலை, சிஏ (பட்டயக் கணக்காளர்), சிஎம்ஏ (செலவுக் கணக்காளர்). வணிகவியல் குரூப் மாணவர்களில் பலர் பி.காம். முடித்த பிறகுதான் சிஏ படிக்க முடியும் என்று நினைக்கிறார்கள். ப்ளஸ் டூ எழுதியதுமே சிஏவின் முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வுக்குப் போகலாம். பதிவை அதற்கு முன்பே செய்துகொள்ளலாம்.

பத்தாம் வகுப்போடு கிளம்பிவிடக் கூடிய நல்ல வழிகளும் இருக்கின்றன. இவற்றைத்தான் பள்ளிகள் மறைத்துவிடுகின்றன, ப்ளஸ் ஒன் சேர்க்கை குறையும் என்ற பயத்தில். கிண்டியில் உள்ள சிப்பெட்டில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம், பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகளை (மோல்ட்) வடிவமைப்பது ஆகியவற்றில் 3 ஆண்டு டிப்ளமோ இருக்கிறது. சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்திலும் 3 ஆண்டு டிப்ளமோ. கடற்கரையோரப் பள்ளிகள் சிஃப்நெட்டை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த மத்திய மீன்வள நிறுவனத்துக்குச் சென்னையில் கிளை உண்டு. மீன்பிடிக் கப்பலைச் செலுத்துவதற்கும் அதன் எந்திரத்தைப் பராமரிப்பதற்கும் அங்கே தலா 2 ஆண்டுப் பயிற்சி தருகிறார்கள்.

ஏணிக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்

ஐடிஐ என்றதும் மார்க் வாங்காதவன் போகும் இடம் என்ற எண்ணம் மாணவரிடமும் பெற்றோரிடமும் ஊறிப்போயிருக்கிறது. அறிவுரையால் இது போகாது. ஆண்டுகளைக் கூட்டிக் காட்டினால் போகும்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐடிஐ ஃபிட்டர் 2 ஆண்டு. அதை முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அது 2 ஆண்டு. டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அது 3 ஆண்டு. மொத்தம் 7. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ, பி.இ. என்று நேராகப் போனால் 6. ஒரே ஓர் ஆண்டுதான் வித்தியாசம். அந்த ஓர் ஆண்டுக்குப் பதிலாக நடுவில் இரண்டு இடங்களில் நின்று சம்பாதிக்க முடியும். வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்து படிப்பு பாதியில் நின்றாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். கிராமத்துக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

அரசு வேலைதான் வேண்டும் என்னும் பெற்றோருக்கும் பதில் உண்டு. டிஎன்பிஎஸ்சி ஐடிஐ, டிப்ளமோ தகுதிக்கென்றே தொழில்நுட்பத் தேர்வு நடத்துகிறது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு ஐடிஐ தகுதி. மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையம் டெக்னீஷியன் பணிக்கு ஐடிஐ முடித்தவர்களை எடுக்கிறது.

தொழிற்சாலையிலேயே வேலை பழகும் அப்ரண்டிஸ் பயிற்சியையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் இந்தப் பயிற்சிக்கு மாதாந்திர உதவித்தொகை கட்டாயம். பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி, கல்பாக்கம் அணுசக்தி ஆராய்ச்சி மையம் ஆகியவை எடுக்கின்றன. ஐசிஎஃப்பில் பத்தாம் வகுப்பு மட்டும் முடித்தவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: பயிற்சி முடித்தால் அங்கேயே வேலை நிச்சயம் என்று எந்த உறுதியும் கிடையாது. இதைச் சொல்லாமல் விட்டால், ரயில்வேயில் வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு வரும் இடைத்தரகருக்கு அந்தக் குடும்பம் இரையாகும்.

இந்த ஏணியை முதல் மதிப்பெண் எடுக்கும் மாணவர்கள் இருக்கும்போதே, முழு வகுப்புக்கும் சொல்லுங்கள். பின்வரிசை மாணவர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஐடிஐ பற்றிச் சொன்னால் மொத்த வகுப்பும் அதைத் தண்டனை என்றே புரிந்துகொள்ளும். பெண் பிள்ளைகளுக்கு ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பற்றிச் சொல்லாமல் தையலோடு நிறுத்துவதும் அதே தவறுதான். அப்பா செய்யும் தொழிலைப் பார்த்து மகனுக்குப் படிப்பு பரிந்துரைக்கும் பழக்கத்தை ஆசிரியர் அறைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பை நடத்தும் விதம்

முந்நூறு பேரை மைதானத்தில் உட்காரவைத்து ஒருவரைப் பேச விட்டால் எதுவும் தங்காது. வாரம் ஒரு பாடவேளை, 25 பேர், ஒரு நாளைக்கு ஒரு துறை. படிப்பின் பெயரில் தொடங்க வேண்டாம். வேலையில் தொடங்குங்கள்: காலையில் போனதும் என்ன செய்வார், கையில் என்ன பிடித்திருப்பார், நின்றுகொண்டா உட்கார்ந்துகொண்டா, வெயிலிலா ஏசியிலா, இரவுப் பணி உண்டா.

பேச வருபவரை வெளியூரில் தேட வேண்டியதில்லை. தாலுகா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர், 108 ஆம்புலன்சில் வரும் மருத்துவ உதவியாளர், பால் கூட்டுறவுச் சங்கத்தில் தரம் பார்ப்பவர், சர்வேயர், காற்றாலைப் பராமரிப்பாளர், வயலில் ட்ரோன் வைத்து மருந்தடிப்பவர் என்று இருபது கிலோமீட்டருக்குள் பத்துப் பேராவது கிடைப்பார்கள். மாவட்ட ஆட்சியரை அழைத்துவருவதைவிட இவர்களை அழைப்பது பயன் தரும். இவர்கள் போன வழியில் மாணவரும் போக முடியும் என்பது கண்ணுக்குத் தெரியும். வருபவரிடம் முன்கூட்டியே நான்கு விஷயங்களைக் கேட்டு வையுங்கள்: முதல் மாதச் சம்பளம், சேர்ந்த வழி, படிப்புக்கு ஆன செலவு, இந்த வேலையில் பிடிக்காதது. நான்காவதைச் சொல்லாத பேச்சை மாணவர்கள் நம்புவதில்லை. அவர் வேலையில் கையாளும் பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதை எல்லோர் கைக்கும் போகவிடுங்கள்.

கேள்வி இருக்கா என்று கேட்டால் யாரும் கை தூக்க மாட்டார்கள். முதல் நாளே துண்டுத்தாளில் பெயர் எழுதாமல் கேள்வி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "அங்கே லேடீஸ் ஹாஸ்டல் இருக்கா", "இங்கிலீஷ் பேசத் தெரியலைன்னா சேர்க்க மாட்டாங்களா" என்ற கேள்விகள் அப்படித்தான் வெளியே வரும்.

தேர்வு எந்த மொழியில் நடக்கிறது என்பதைத் தமிழ்வழி மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். க்யூட், ஜேஇஇ மெயின், நீட் ஆகியவற்றைத் தமிழிலும் எழுதலாம். கிளாட் ஆங்கிலத்தில் மட்டும். நிஃப்ட்டுக்கும் ஹோட்டல் மேலாண்மைக்கும் ஆங்கிலம் அல்லது இந்தி. இவற்றுக்குத் தயாராகும் மாணவருக்கு ஓராண்டாவது ஆங்கிலப் பயிற்சி தேவை. அதனால்தான் ப்ளஸ் டூவில் சொல்வது தாமதம் என்கிறோம்.

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ஓர் அட்டை எழுதவையுங்கள். வேலை என்ன, எந்தப் பாடம் படித்திருக்க வேண்டும், எங்கே நடக்கிறது, எந்த மாதம் விண்ணப்பம், மொத்தச் செலவு எவ்வளவு, பாதியில் வேறு பக்கம் திரும்ப முடியுமா என்று ஆறு வரிகள். ஆண்டு முடிவில் ஒவ்வொருவரிடமும் இருபது அட்டைகளுக்கு மேல் சேர்ந்திருக்கும். அதிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: கிடைத்தால் பெரிய மகிழ்ச்சி தருவது ஒன்று, கிடைக்கும் என்று எதிர்பார்க்கக்கூடியது ஒன்று, நிச்சயம் கிடைப்பது ஒன்று. மூன்றாவது இல்லாத மாணவர்தான் ஜூன் மாதம் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்.

அட்டைக்கு எடுத்துக்கொள்ளத் தக்கவை இன்னும் பல. மாமல்லபுரத்தில் உள்ள அரசுக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் கோயில் கட்டடக்கலையும் மரபுச் சிற்பமும் பட்டப் படிப்பாகவே கற்றுத் தருகிறார்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள். தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் பட்டப் படிப்புகள். முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் சிறப்புக் கல்வி. சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பு 2020இல் தொடங்கியது. இதற்கு ஜேஇஇ தேவையில்லை. தகுதித் தேர்வில் தேறினால் போதும். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் எந்தக் குரூப்பாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் பாடம் ஆங்கிலத்தில், இணையத்தில். வீட்டில் சரியான இணைப்பும் தனியே படிக்கும் பழக்கமும் இல்லாதவருக்கு இது கடினமாக இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

உயிரியல் குரூப்பில் நீட் எழுதித் தோற்றவர்கள் மனமுடைந்து நிற்பார்கள். ரேடியோகிராபி, ஆய்வகத் தொழில்நுட்பம், ஆப்டோமெட்ரி போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்திவருகிறது. பிசியோதெரபி போன்ற சிலவற்றில் விதி மாறிவருவதால் அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்த பிறகே சொல்லுங்கள்.

பெற்றோரிடம் காட்ட வேண்டிய கணக்கு

பெற்றோர் கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் யாரும் வர மாட்டார்கள். வந்தால் அன்றைய கூலி போகும். மாலை ஏழு மணிக்கு, ஊருக்குள் அவர்கள் கூடும் இடத்திலேயே வையுங்கள். அம்மாக்கள் வரவேண்டும். பெண் பிள்ளைகளை வெளியூர் அனுப்பும் முடிவில் அவர்கள் குரல்தான் பெரும்பாலும் கடைசிக் குரல்.

படிப்பின் பெருமையைப் பேசாமல் பணத்தைப் பேசுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பட்டப் படிப்புக்கு மட்டுமின்றி டிப்ளமோ, ஐடிஐக்கும் இது உண்டு. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்றவருக்குத்தான்; மேனேஜ்மென்ட் இடத்தில் சேர்ந்துவிட்டுக் கேட்டால் கிடைக்காது.

உதவித்தொகை பின்னால் வரும். செலவு முன்னால் வரும். பல குடும்பங்கள் சறுக்குவது இந்த இடைவெளியில்தான். விண்ணப்பக் கட்டணம், தேர்வு மையத்துக்குப் போய்வரும் செலவு, சேரும் நாளில் கட்ட வேண்டிய முன்பணம், பாய், வாளி, இரண்டு செட் துணி, முதல் மாதச் சாப்பாடு என்று தனித்தனி வரியாக எழுதி, எந்த மாதம் எவ்வளவு கையில் இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் கொடுங்கள். ஆறு மாதம் முன்பே தெரிந்தால் சீட்டுப் பணமாகவோ சுயஉதவிக் குழுக் கடனாகவோ திரட்ட முடியும். ஒரு வாரத்தில் தெரிந்தால் கந்துவட்டிதான்.

முடிந்தால் பெற்றோரில் ஐந்தாறு பேரையாவது ஒருமுறை அழைத்துப்போய் விடுதியைக் காட்டுங்கள். கழிப்பறை, கேட், வார்டன் மூன்றையும் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சான்றிதழ்கள்

இந்தப் பகுதியில்தான் அதிகம் கோளாறு நடக்கிறது. ஆதாரில் ஒரு பெயர், மாற்றுச் சான்றிதழில் வேறு எழுத்து, இன்ஷியல் முன்னால், இன்ஷியல் பின்னால் என்று இருந்தால் மத்தியத் தேர்வு விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்பில் எல்லோருடைய ஆதாரையும் பள்ளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அச்சான பிறகு திருத்துவது பெரும் அலைச்சல்.

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று நகரும். மே மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் தேங்கும். தீபாவளிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மாநில அரசின் பிசி, எம்பிசி சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. அங்கே மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்ற ஓபிசி சான்றிதழ், அந்த நிதியாண்டுக்குரியதாக வேண்டும். மாநிலத்தில் பிசியாக இருக்கும் சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இருக்காது. தாசில்தார் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது தெரியாமல் பொதுப்பிரிவில் தள்ளப்பட்டு இடத்தை இழப்பவர்கள் உண்டு.

விண்ணப்பத்தைப் பிரவுசிங் சென்டரில் போட்டால், கடைக்காரர் தன் மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். பிறகு ஹால் டிக்கெட்டும் ஓடிபியும் அவருக்குப் போகும். ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளியிலேயே மின்னஞ்சல் உருவாக்கி, கடவுச்சொல்லை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதவையுங்கள். அப்பாவின் எண்ணைக் கொடுத்தால், ரீசார்ஜ் இல்லாமல் அடிக்கடி மாறும் எண்ணாக இருக்கக் கூடாது.

போலிகளை அடையாளம் காண்பது

பொதுத்தேர்வு முடிந்த மறுநாளே துண்டுப் பிரசுரங்கள் வீட்டுக்கு வரும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்? பட்டம் என்றால் பல்கலைக்கழகம் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் இருக்க வேண்டும். டிப்ளமோ என்றால் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ. ஐடிஐ என்றால் தேசிய அல்லது மாநிலத் தொழிற்பயிற்சிக் கவுன்சில் (என்சிவிடி, எஸ்சிவிடி). நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில். கவுன்சிலில் பதிவுசெய்ய முடியாத நர்சிங் டிப்ளமோ மருத்துவமனை வாசலைத் தாண்டாது. கப்பல் வேலைப் பயிற்சி என்றால் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரப் பட்டியல். பட்டியலில் பெயர் இல்லை என்றால், விளம்பரத்தில் எவ்வளவு சம்பளம் போட்டிருந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கல்லூரியில் சேரும்போது அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். அவர்களிடமே விட்டுவிட்டு வரக் கூடாது. கல்லூரிகள் அசலை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசி விதி. அசலைப் பிடித்துவைத்துக்கொண்டு முழுக் கட்டணம் கேட்கும் இடங்களில் மாணவர் சிக்கிக்கொள்வது அப்படி விட்டுவிட்டு வருவதால்தான்.

சேர்ந்த பிறகு

சேர்த்துவிட்டதோடு வேலை முடிவதில்லை. முதல் அறுபது நாள்களில்தான் திரும்பி வந்துவிடுகிறார்கள். பாடம் புரியவில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, கையில் காசில்லை, பேச ஆளில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் உங்கள் பக்கத்து ஊர் சீனியர் ஒருவரின் எண்ணை ஜூலையிலேயே கண்டுபிடித்துக் கொடுங்கள். முதல் மாதம் வாரம் ஒரு முறை, அடுத்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை போனில் பேசுங்கள். நல்லா இருக்கியா என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் பதில் வரும். எந்தப் பாடம் புரியவில்லை, ஹாஸ்டல் பணம் கட்டியாச்சா, உதவித்தொகை விண்ணப்பம் போட்டாச்சா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முதல் செமஸ்டர் விடுமுறையில் அவர்கள் ஊருக்கு வரும்போது பள்ளிக்கு அழைத்து, அடுத்த வகுப்பு மாணவர்களின் அட்டைகளைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். கட்டணமும் தேர்வு முறையும் மாறியிருந்தால் முதலில் தெரிந்திருப்பது அவர்களுக்குத்தான்.